கம்பியில்லாச் செவிப்பொறியை நிறுவிய வரலாறு

ஜூன் 3, செவ்வாய்

இன்று இரவு எட்டு மணியளவில், மாடியில் குடியிருக்கும் செவிலியர் ஜெசிந்தா கீழே இறங்கிவந்து, கூடத்து வாசலில் நின்று ஒரு முறையீட்டை முன்வைத்தாள். மூன்று முறை சொன்ன பிறகே எனக்கு விளங்கிற்று. இக்காலப் பெண்கள் சொற்களை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாசம் பூரா எனக்கு நைட் டூட்டி. சாயங்காலம் எட்டு வரைக்கும்தான் தூக்கமே. உங்க டிவி சத்தத்துல கட்டில் அதிருதும்மா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு வீடு இருக்குன்னு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.”

நம் இல்லத்தில் ஹோம் தியேட்டர் என்னும் ஒலியமைப்பு உள்ளது. சுவரில் ஐந்து பெட்டிகள். தரையில் ஒரு தடித்த பெட்டி. புனேயில் பணிபுரியும் மகன் இளம்பரிதி வாங்கி அனுப்பியது. அதன் ஒலி மிகுதியாக இருக்கிறதென்றால் குற்றம் யாருடையது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. குடும்பத் தலைவர் முப்பத்தோராண்டுகள் ரயில்வே பணிமனையில் சம்மட்டி ஓசைக்கு நடுவே உழைத்தவர். அவருடைய செவிகள் தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டவை. இதை ஜெசிந்தாவுக்கு எடுத்துரைத்தேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் என் கையைப் பார்த்தார். ரிமோட் தற்செயலாக என் கையில் இருந்தது.

குடியிருப்போர் வருவர், போவர். அதனால் எனக்கு ஆவதொன்றுமில்லை. சென்ற ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது இவள் பணி முடித்து வந்த கையோடு கஞ்சி காய்ச்சி, ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டினாள் என்பதை ஒரு தகவலாக மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆயினும் இச்சிக்கலை நானே தீர்த்துவைப்பேன் என்று வாக்களித்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

தண்ணீர் வரவில்லை. மாநகராட்சிக்குத் தெருவாசிகள் சார்பில் மனு வரைந்தேன். ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிதான் என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. இத்தெருவில் மனு என்றால் பங்கஜவல்லி என்று ஆகிவிட்டதற்கு அதுவே காரணம்.

தீர்வும் புலப்பட்டுவிட்டது. ஊரார் ஹெட்போன் என்று வழங்கும் கம்பியில்லாச் செவிப்பொறி ஒன்றை வாங்கி, ஹோம் தியேட்டருடன் இணைத்து, குடும்பத் தலைவரின் தலையில் மாட்டிவிட வேண்டும். ஒலி அவர் காதுக்குள் அடங்கும். மாடி உறங்கும்.

ஜூன் 8, ஞாயிறு

மலைக்கோட்டைக் கடைவீதியில் செவிப்பொறி வாங்கினோம். “இது எல்லாத்துக்கும் கனெக்ட் ஆகுமா?” என்று குடும்பத் தலைவர் கேட்டார். “ஆகும் சார், ஆகாம எங்க போகும்?” என்றார் விற்பனையாளர். ஆளை அனுப்பி மாட்டித் தரட்டுமா என்றும் வினவினார். தேவையில்லை, கையேடு இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முறைப்படி சாமி முன்பு வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். காதை மூடும் இடப்பக்கக் கிண்ணத்தின் மேல், பொட்டுக்கென்றே விட்டதுபோல ஒரு சிறு வட்டம் இருந்தது. அங்கே வைத்தேன். பொட்டு மிக அழகாக அமைந்தது.

கையேட்டில் பதினான்கு மொழிகள் உள்ளன. தமிழ் இல்லை. கண்டன அஞ்சலட்டை எழுதிவிட்டு, அகராதியின் துணையோடு ஆங்கிலப் பகுதியைப் படிக்கத் தொடங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

இட்லி மாவு அரைத்தேன். இணையவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இணையவில்லை. ஹோம் தியேட்டரிலும் புளூடூத் உண்டு, செவிப்பொறியிலும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தேன். எதிரெதிரே வைத்தேன். ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். “ஜாதகம் பாத்தியா?” என்று கேட்டுவிட்டுக் குடும்பத் தலைவர் காய்கறி வாங்கப் போய்விட்டார்.

ஜூன் 11, புதன்

இளம்பரிதி தொலைபேசியில் அழைத்தான். அவனும் இப்போதெல்லாம் முணுமுணுக்கிறான். ஆகவே தொலைபேசியைக் குடும்பத் தலைவரிடம் கொடுத்து, அவன் சொல்வதை உரக்கச் சொல்லப் பணித்தேன்.

“வல்லி, ஹோம் தியேட்டர்ல இருக்கிற புளூடூத் வாங்கிக்க மட்டும்தானாம். போன்ல இருக்கிற பாட்டை வாங்கிப் பாடுமாம். தன்கிட்ட இருக்கிறதை வெளிய குடுக்காதாம்.”

“செவிப்பொறி?”

“அதுவும் வாங்கிக்கிறதுதானாம். ரெண்டுமே கையேந்துற கேஸு. குடுக்குறதுக்கு ஆளில்லைங்கிறான்.”

இதை மறுக்கும் பொருட்டுக் கையேட்டை மறுபடி புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், மகன் சொன்னதே இருந்தது. இரண்டு காதுகளை எதிரெதிரே உட்கார்த்தி வைத்து, பேசுங்கள் பேசுங்கள் என்று மூன்று நாள் மன்றாடியிருக்கிறேன்.

“சொன்னேன்ல, ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா…” என்று குடும்பத் தலைவர் தொடங்கினார். மகன் சொன்னதை நான் ஏற்கெனவே ஊகித்திருந்தேன் என்று தெரிவித்தேன்.

ஜூன் 14, சனி

வெற்றி.

ஒலியை வாங்கி அனுப்பும் தீப்பெட்டியளவுக் கருவியொன்று தனியாக விற்கிறது. அதற்கு ‘ஒலியனுப்பி’ என்று பெயர் சூட்டினேன். அதைத் தொலைக்காட்சியின் பின்புறத் துளையில் செருகியதும் ஹோம் தியேட்டரின் ஆறு பெட்டிகளும் ஒருசேர வாயடைத்தன. இதுவும் ஒரு வரம்பு என்பதை அறிந்தேன்: செவிப்பொறிக்குக் கொடுத்தால் பெட்டிகளுக்கு இல்லை, பெட்டிகளுக்குக் கொடுத்தால் செவிப்பொறிக்கு இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும்.

இணைப்பு உறுதியானால் செவிப்பொறியில் நீல விளக்கு நிலைத்து எரிய வேண்டும் என்கிறது கையேடு. படத்தில் விளக்கு இருக்கும் இடத்தில் நம் கருவியில் பொட்டு இருக்கிறது. மங்கலத்தைக் கலைப்பது முறையன்று என்பதால் விளக்கைப் பார்க்காமலேயே மேற்கொண்டு செயல்பட்டேன்.

குடும்பத் தலைவரின் செவித்திறனைக் கருதி ஒலியளவை இறுதிவரை உயர்த்தி, ஏழரை மணித் தொடர் தொடங்கும் தறுவாயில் அவர் தலையில் மாட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார். கண்கள் கலங்கின. இரண்டு கைகளாலும் செவிப்பொறியைப் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூடினார். இத்தனை ஆண்டுகள் இழந்திருந்ததை ஒரே கணத்தில் பெற்றவரின் நிலை வேறெப்படி இருக்கும்?

நான் காப்பி கலந்துகொண்டு திரும்பியபோது சாந்தமாக உட்கார்ந்து புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வீடு முழுவதும் நிசப்தம். எட்டரைக்குப் பணிக்குக் கிளம்பிய ஜெசிந்தா, படியில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஜூன் 16, திங்கள்

சமையல் எரிவாயு வந்தது. முருங்கைக்காய் சாம்பார்.

ஒரு சிறு அசௌகரியம் நேர்ந்துள்ளது. ஏழரை மணித் தொடரை நான் சமுதாய ஆய்வு நோக்கில் மட்டுமே கவனித்து வருகிறேன் என்பது யாவரும் அறிந்ததே. இப்போது படம் மட்டும் தெரிகிறது, ஆய்வு தடைப்படுகிறது. ஆகவே தொடர் முடிந்ததும் குடும்பத் தலைவரிடம் அறிக்கை கேட்டேன்.

“என்னங்க நடந்தது?”

“அவ அழுதா.”

“ஏன் அழுதாள்?”

“ஏனா… அழற மாதிரிதான இருந்துச்சு.”

“மாமியார் என்ன சொன்னாள்?”

சமையலறைப் பக்கம் பார்த்தார். “சோறு வடிக்கச் சொன்னா.”

முப்பது நிமிடத் தொடரில் இவ்வளவுதானா? கேட்கும் திறன் திரும்பினாலும் கேட்டதைச் சொல்லும் திறன் இவருக்கு என்றுமே இருந்ததில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஒலி எட்டும் தூரம் பத்து மீட்டர் என்கிறது கையேடு. சுவர் குறுக்கிட்டால் அதுவும் குறையுமாம். இன்று தொடரின் நடுவில் குடும்பத் தலைவர் செவிப்பொறியைத் தலையில் மாட்டியபடியே தெருமுனைக் கடைக்குச் சென்று, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, அதே புன்னகையோடு திரும்பினார். “விட்டு விட்டுக் கேட்டதா?” என்றேன். “ஒரு குறையும் இல்ல” என்றார்.

உற்பத்தியாளர் குறித்த வரம்பையே நம் நிறுவல் கடந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

காலையில் பணி முடித்துவந்த ஜெசிந்தா, மொட்டை மாடியில் நான் வடகம் பிழியும்போது உட்கார்ந்து உதவினாள். இந்த ஒரு வாரமாக நன்றாக உறங்குகிறாளாம். “அப்படியானால் இங்கேயே தொடர்வாய் அல்லவா?” என்று, அக்கறை எதுவுமின்றிக் கேட்டேன். “பாக்கலாம்மா” என்றாள். அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. இலக்கணப்படி அது ஒரு விடையே அன்று.

அவளும் அதே தொடரை மறுநாள் கைப்பேசியில் பார்ப்பவள் என்று தெரியவந்தது. குடும்பத் தலைவரின் அறிக்கைப்படி, நாயகி சமையல் போட்டிக்குப் போயிருக்கிறாள். ஜெசிந்தாவோ நாயகி காவல் நிலையத்தில் இருக்கிறாள் என்கிறாள்.

“அங்கே அடுப்பு இருந்ததாமே?”

“அது லாக்கப்மா. அடுப்பெல்லாம் இல்ல.”

இருவரில் ஒருவருக்குக் கோளாறு.

ஜூன் 20, வெள்ளி

மாலை விளக்கேற்றியபின், வெள்ளிக்கிழமை வழக்கப்படி ஸ்கூட்டர், தையல் இயந்திரம், கிரைண்டர் ஆகியவற்றின் பழைய பொட்டுகளைத் துடைத்துப் புதிய பொட்டு இட்டுக்கொண்டே வந்தேன். எஞ்சியது செவிப்பொறி. அது குடும்பத் தலைவரின் தலையில், தொடரின் நடுக்கட்டத்தில் இருந்தது. தொந்தரவு செய்வானேன் என்று தலையோடு சேர்த்தே அலங்கரிக்கத் தீர்மானித்து, ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன்.

பொட்டுக்கு அடியில் ஒரு கண்ணாடிப் புள்ளி. விளக்கு. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எரியவே இல்லை.

திரையில் மாமியார் யாரையோ அறைந்தாள். குடும்பத் தலைவர் ‘உச்’ கொட்டினார்.

நான் பொத்தானை அழுத்தினேன். விளக்கு சிவந்தது, சிமிட்டியது, நீலமாயிற்று. “ஐயோ, ஆத்தா!” என்று அலறிக்கொண்டு அவர் செவிப்பொறியைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தார்.

“எத்தனை நாளாக அணைத்து வைத்திருக்கிறீர்கள்?”

“மாட்டின அன்னைக்கு, நீ காப்பி போடப் போனேல்ல? அப்பலேர்ந்து.”

“கடைக்குப் போனபோதும்?”

“தலையில இருந்தா உனக்கு நிம்மதி. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

அவர் சோபாவைப் பார்த்தார். “அங்க பாரு, அத்தனை தூரத்துல கிடக்கு, அந்த மாமியார் கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்குதா?”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

“நீ ராப்பகலா உக்காந்து மாட்டின, வல்லி. காதைப் பொளக்குதுன்னு சொல்லியிருந்தா, உங்களுக்கு எப்படிப் பொளக்கும்னு கேட்டிருப்ப. அப்ப நான் என்ன பதில் சொல்றது?”

நான் அவ்வாறு கேட்கவில்லை. மாவு பொங்கி வழிந்துவிடும் என்று சமையலறைக்குச் சென்றுவிட்டேன். மாவு பொங்கியிருக்கவில்லை.

ஜூன் 21, சனி

மறு ஒளிபரப்பு வேளையில் குடும்பத் தலைவர் முடிதிருத்தகத்துக்குச் சென்றிருந்தார். கருவி பழுதற்றதா என்பதை ஆராயும் பொருட்டு நானே அணிந்து பார்த்தேன். ஒலியளவை மாற்றவில்லை.

முடிவுகள் வருமாறு. இத்தொடரில் வயலின் வாசிக்கிறார்கள். மாமியார் நடக்கும்போது மெட்டி ஒலிக்கிறது. நாயகி அழுவதற்கு முன் மூக்கை உறிஞ்சுகிறாள். அதை வைத்தே அழப்போகிறாள் என்று முன்கூட்டி அறியலாம். தொடர் முடிந்தபிறகு விளம்பரங்களையும் கேட்டேன். சோப்பு விளம்பரத்தில் ஒரு குருவி கத்துகிறது. முன்பும் கத்தியிருக்க வேண்டும்.

ஒலியளவு மிகப் பொருத்தமாக இருந்தது. ஆகவே கருவியில் பழுதில்லை.

பழுது வேறெங்கோ என்று எழுதப் புகுந்தேன். சாம்பாருக்குப் புளி கரைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 23, திங்கள்

புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. செவிப்பொறியை நான் அணிகிறேன். குடும்பத் தலைவர் அருகில் அமர்ந்து படம் மட்டும் பார்க்கிறார். ஒருவர்தான் கேட்க முடியும் என்னும் வரம்பை யாராலும் மீற இயலாதாகையால், கேட்பவர் கேளாதவருக்கு உடனுக்குடன் எடுத்துரைப்பதே நியாயம். எடுத்துரைத்தேன்.

“‘அத்தையே, தாங்கள் இழைத்த அநீதியை இவ்வூர் அறியும் நாள் தொலைவில் இல்லை’ என்கிறாள் மருமகள்.”

“‘தாங்கள்’னா சொன்னா?”

“சாரம் அதுதான்.”

“அதுக்கு அந்தம்மா என்ன சொல்லுச்சு?”

“‘என் இல்லத்தினின்றும் வெளியேறு’ என்றாள்.”

“வாயசைவு ரெண்டு வார்த்தைதான இருந்துச்சு?”

“மரியாதையைச் சேர்த்துச் சொன்னேன்.”

குடும்பத் தலைவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடிற்று. நான் சற்று உரத்துப் பேசுகிறேன் என்று சைகையால் காட்டினார். காதுகள் மூடியிருக்கும்போது தன் குரல் தனக்கே தெரிவதில்லை. இதைக் கையேடு எங்கும் எச்சரிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்று மருமகளுக்குக் கொடுக்கும் பாலில் மாமியார் எதையோ கலந்தாள். நான் எடுத்துரைத்துக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் வந்துவிட்டது. செவிப்பொறியைக் கழற்றித் திரும்பினால், தலை வாராத கோலத்தில் கூடத்து வாசலில் ஜெசிந்தா நிற்கிறாள்.

தொலைக்காட்சியை ஒடுக்கிவிட்டு, அந்த இடத்தில் என் குரலையே ஆறு பெட்டிகளாக வைத்து அவள் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். மாதக் கடைசிக்கு ஐந்தே நாள் இருக்கிறது. “நிகழ்ந்த தவறுக்கு மனப்பூர்வமான வருத்தத்தை…” என்று தொடங்கினேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. பால்ல என்ன கலந்தா?” என்று அவள் கத்தினாள்.

“என்ன?”

“மூணு நாளா படுத்துக்கிட்டே உங்க கதையத்தான் கேக்குறேன். இன்னிக்குப் பால்ல கலந்தாள்னு சொல்லிட்டு நிறுத்திட்டீங்க. எப்படித் தூங்குறது?”

“தெருவே கேக்குதாம்” என்றார் குடும்பத் தலைவர், பெருமையாக.

அவள் தரையில் உட்கார்ந்தாள். விளம்பரம் முடிந்தது, பேதி மருந்து என்று தெரிந்தது, இருவருக்கும் அறிவித்தேன். தொடர் முடிந்து, தோசை வார்த்துக் கொடுத்தேன். சாப்பிடும்போது, “வேறு வீடு பார்த்துவிட்டாயா?” என்று, அக்கறை எதுவுமின்றிக் கேட்டேன். விடையைச் செவிமடுக்கும் பொருட்டு அவள் முகத்துக்கு நேரே அமர்ந்துகொண்டேன்.

“பாத்தாச்சும்மா. திங்கக்கிழமை பதில் சொல்லணும்.” அவள் தோசையைப் பிட்டுக்கொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “சத்தம் மட்டும் இல்லம்மா. டூட்டிக்குப் போறப்பல்லாம், நீங்க வாசல்ல கோலத்துக்குத் தண்ணி தெளிச்சுட்டு இருப்பீங்க, இல்லாட்டி துணி மடிப்பீங்க. பின்னாடி நின்னு ‘போயிட்டு வரேம்மா’ன்னு சொல்வேன். ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல. என் மேல என்னமோ கோவம்னு நினைச்சேன். காய்ச்சல்ல கஞ்சி குடுத்தப்பக்கூட நல்லாத்தான இருந்தீங்க, நான் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிச்சிருக்கேன்.”

அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.

“எங்க ஆஸ்பத்திரில திங்கக்கிழமை காது டாக்டர் வருவாரு. ஒம்போது மணிக்கு வந்திருங்க. நீங்க வந்தா அந்த வீட்டை வேண்டாம்னு சொல்லிடுறேன்.”

“குடும்பத் தலைவரை அவசியம் அழைத்து வருகிறேன்” என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சட்னியைப் பார்த்தார். “யாரு யாரைக் கூட்டிட்டு வந்தா என்னம்மா, வந்தா சரி” என்றாள்.

ஜூன் 28, சனி

வடகம் காய்ந்துவிட்டது. மழை வரும்போல் இருக்கிறது. மருத்துவமனைக்கு எந்தச் சேலை என்று இன்னும் முடிவாகவில்லை.

ஜூன் 30, திங்கள்

எட்டே முக்காலுக்கே சென்றுவிட்டோம். இரவுப்பணி முடிந்த ஜெசிந்தா, சீருடை மாற்றாமல் எங்களுக்காகக் காத்திருந்தாள். கையில் கைப்பேசி.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னவோ கேட்டாள். நான் குடும்பத் தலைவரை நோக்கினேன்.

“பேஷண்ட் யாருன்னு கேக்குறாங்க” என்றவர், நான் வாய் திறப்பதற்குள் தானே முன்னே சென்று, “நாந்தாம்மா. ரயில்வே ஒர்க்‌ஷாப். முப்பத்தோரு வருஷம் சம்மட்டிச் சத்தம். சுத்தமா டமாரம்” என்றார். சொல்லிவிட்டு, காது கேளாதவர் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தும் காட்டினார். நடிப்பு மிக மட்டம். அந்தப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அணைத்த செவிப்பொறியோடு தெருமுனைவரை சென்றுவந்த முதுகு. இன்னும் எத்தனை காலம் வேண்டுமானாலும் எனக்குப் பதிலாகச் செவிடராக இருக்க அது ஆயத்தமாக நின்றது.

“அம்மணி, திருத்தம்” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உரக்கச் சொல்லிவிட்டேன் போலும்.

“இவருக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் சொல்வதைக் கேட்பதில்லை, அது வேறு. தங்கள் மருத்துவரால் அதைச் சரிசெய்ய இயலாது. பெயர், பங்கஜவல்லி. வயது அறுபத்திரண்டு.”

குடும்பத் தலைவர் தலையை நிமிர்த்திக்கொண்டார். சாய்த்து வைத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதாம். பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் அமர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

ஜெசிந்தா சன்னலோரம் சென்று, கைப்பேசியில் யாரையோ அழைத்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினாள். என்ன பேசினாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. குடும்பத் தலைவர் என் காதருகே குனிந்து, ஒரு சொல் விடாமல் சொன்னார்.